யாரும் குறை சொல்லாத வண்டி

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு மதிப்பீடு எழுதிக் கொடுப்பது என் தொழில். கதவை மூடும் சத்தத்தை வைத்தே ஒரு கார் எந்தப் பக்கம் அடி வாங்கியது என்று சொல்லிவிடுவேன். பெயின்ட் மேல் காந்தத்தை ஓட்டி, உள்ளே இருப்பது தகரமா, பள்ளத்தை நிரப்பி மறைத்த பட்டியா என்று கண்டுபிடிப்பேன். பெங்களூரில் பாதி கராஜ்காரர்கள் என்னை "இந்த ஆள்கிட்ட ஒண்ணும் வேகாது" என்று திட்டுவார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு பல காலம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன் நான். இதையெல்லாம் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் அடுத்து வருவதை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

வாழ்நாளெல்லாம் நொறுங்கிய கார்களையே பார்த்தவனுக்குச் சொந்தமாக ஒரு கார் வாங்கத் தோன்றவே இல்லை. ஸ்கூட்டரிலேயே காலம் ஓடியது. என் மனைவி கணக்கு டீச்சர். அல்சூரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போய் வந்தே அவள் வேலைக்காலம் முடிந்தது. ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் சந்தன மாலையும் கையில் சால்வையுமாக வீட்டுக்கு வந்தவள், நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துகொண்டு, "இனிமே பெல் அடிக்காத எடமாப் பாத்து எங்கயாவது போகணுங்க. டைம் பாக்காம போகணும்" என்றாள்.

அவள் எதையும் கேட்கிறவள் அல்ல. அதனால் இந்த ஒன்றைக் கேட்டதும் எனக்குள் ஏதோ கிளம்பிவிட்டது. கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். ஆனால் இந்தக் காலத்துக் கார் வேண்டாம். ஒரு தட்டு தட்டினால் பம்பரே கழன்று கையில் வருவதைத் தினமும் பார்க்கிறேன். எனக்கு வேண்டியது பழைய ஸ்டேஷன் வேகன். டிக்கி என்று தனியாக இல்லாமல் கூரை கடைசிவரை ஓடி, பின்கதவு மேலே தூக்கித் திறக்குமே, அந்த நீளமான குடும்ப வண்டி. பின்னால் பாயை விரித்துப் படுக்கலாம். மடக்கு நாற்காலி, பிளாஸ்க், புளிசாதத் தூக்கு எல்லாம் போட்டுக்கொண்டு போய், எங்காவது ஏரிக்கரையில் நிறுத்தி, பின்கதவைத் தூக்கி வைத்து அதன் நிழலில் இரண்டு பேரும் உட்காரலாம். இந்தக் காட்சியை மனதுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதில் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள்.

நீலசந்திராவில் ஒரு பழைய கார் புரோக்கரின் ஷெட்டில் அது கிடைத்தது. தார்ப்பாயை விலக்கியதுமே மனசு போய்விட்டது. வெள்ளை நிறம், வெயிலில் பழுத்துப்போயிருந்தது. நீளமென்றால் நீளம், ஷெட்டுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. நான் சட்டையைக் கழற்றிவிட்டு டார்ச்சும் காந்தமுமாக அடியில் புகுந்தேன். சேஸிஸ் சுத்தம். துரு கொஞ்சம், அதுவும் வயசுக்குத் தக்க துரு. இன்ஜின் ஓடியிருந்த தூரம் மிகக் குறைவு.

"ஒரே ஓனரு சார்," என்றார் புரோக்கர். "ஹைவேயே பாத்ததில்ல. கன்டோன்மென்ட்குள்ளதான் ஓடிச்சு. ஃபர்ஸ்ட் கியரு, செகண்ட் கியரு, அவ்ளோதான். இன்னாத்துக்கு சார் பொய் சொல்லணும், ஒரு தபா கூட ரஃப்பா ஓட்டல."

பின்பக்கத்தைத் திறந்தேன். பின்சீட்டு இல்லை. தரை முழுக்க வழவழப்பான மரப்பலகை. அதில் வரிசையாக இரும்பு உருளைகள். கையை வைத்தால் கடகடவென்று சுழன்றன. என் தொழில் அறிவு உடனே வேலை செய்தது. லக்கேஜ் ஏற்ற எவ்வளவு வசதி! பெரிய பெட்டியைக் கதவருகே வைத்து ஒரு தள்ளு தள்ளினால் தானாக உள்ளே போய்விடும். ஜன்னல்களில் பித்தளைக் கம்பி போட்டு ஊதா நிற வெல்வெட் திரை மாட்டியிருந்தது. பலகை இடுக்கில் காய்ந்த ரோஜா இதழ்கள். உள்ளே லேசாக ஊதுபத்தி வாசம். இத்தனை தடயங்களையும் சேர்த்து முகர்ந்து, ஆராய்ந்து, நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இது கல்யாண வண்டி.

"ரொம்ப ஃபங்ஷனுக்குப் போயிருக்கும் போலயே," என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல.

"எத்தினியோ ஃபங்ஷன் சார்," என்றார் அவர். "பெரிய பெரிய மனுஷங்கல்லாம் இதுல போயிருக்காங்க. பின்னாடி போனவங்க ஒருத்தர்கூட இதுவரிக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் சொன்னதில்ல."

இன்றுவரை அந்த மனிதரை நினைத்தால் கோபம் வருகிறது. ஆனால் என்ன செய்வது, அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

முன்னால் டிரைவருக்கு ஒரு சீட்டு, பக்கத்தில் ஒரு சீட்டு. அவ்வளவுதான். நாங்களும் இரண்டே பேர்தான். அந்தப் பக்கத்து சீட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினேன். சாவியைத் திருப்பியதுமே முன்விளக்குகளும் சேர்ந்து எரிந்தன. அணைக்க சுவிட்சே இல்லை. பகலிலும் விளக்கு எரிவது வெளிநாட்டுப் பாதுகாப்பு முறை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் கியருக்கு மேல் போனால் வண்டி இருமியது, எனவே மெதுவாகவே போனேன்.

பெங்களூர் போக்குவரத்து எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆம்புலன்ஸே அழுதுகொண்டு நிற்கிற ஊர் இது. அன்றைக்கு எனக்கு வழி கிடைத்தது. ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு ஆட்டோக்காரர் என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஓரம் கட்டினார், பாட்டையும் நிறுத்தினார். பைக்கில் போன ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ட்ரினிட்டி சர்க்கிளில் போக்குவரத்துப் போலீஸ்காரர் குறுக்கே வந்த வண்டிகளையெல்லாம் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "ஹோகி சார், ஹோகி" என்று கன்னடத்தில் பணிவாக என்னைப் போகச் சொன்னார். பழைய வண்டிக்கு இந்த ஊரில் இன்னும் இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனேன். ஓரமாக நின்ற ஒரு அம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அவரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையாட்டினேன். அவர் முகம் போன போக்கை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது முனை பேக்கரிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். கரன்ட் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள், பக்கத்திலேயே சபை. நான் வேலூர்க்காரன், வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, இந்தத் தெருவில் பெண் எடுத்து, மாமனார் கட்டிய வீட்டிலேயே குடியேறியவன். மாமனாரை நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். எதிர் வீட்டில் இருப்பவர் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுகிறவர். அவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. சபையில் யார் இறந்தாலும் முதலில் ஓடுவது அவர்தான். நாற்காலி, ஷாமியானா, பெட்டி, கல்லறையில் சொல்லிவைப்பது எல்லாம் அவர் கை.

நான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரனை ஒரு தட்டு தட்டி, மனைவி பால்கனிக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் எதிர் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். வந்த வேகத்தில் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"எப்போ பிரதர்? ஒரு ஃபோன் பண்ணக்கூடாதா? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

"இப்பத்தான். நேரா எடுத்துட்டு வந்துட்டேன்," என்றேன் பெருமையாக.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்து, "டேய், சேர் எடுத்துப் போடுங்கடா!" என்றார். அடுத்த நிமிடம் எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கின. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து, எங்கள் மாடிப்படியில் தலையை வைத்துக் கதறினார். "ஐயோ டீச்சர்! காலைல கூட கீரைக்காரிகிட்ட சண்ட போட்டீங்களே டீச்சர்! ரிட்டயர்டு ஆகி ஒரு மாசம் நிம்மதியா இருக்க விடலியே!"

மேலே பால்கனிக் கதவு திறந்தது. மனைவி ஈரத் துணியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா ஆச்சு? யாரு போயிட்டாங்க?"

படியில் அழுதுகொண்டிருந்தவர் தலையைத் தூக்கி மேலே பார்த்து, வீல் என்று அலறி, எழுந்து ஓடித் தன் கணவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். எதிர் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார். "அப்போ உள்ள யாரு?" என்றார். பின்கதவைத் திறந்து காட்டினேன். உருளைகள் காலியாகச் சுழன்றன.

"நான் வாங்கின வண்டி," என்றேன். "ஜாலியா ஓட்டறதுக்கு."

எனக்கு விஷயம் அங்கே, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்துத்தான் சொல்லப்பட்டது. கன்டோன்மென்ட் முழுக்கச் சவப்பெட்டி செய்து கொடுத்த கடைக்காரர் ஒருவரின் வண்டி அது. ஒரு தலைமுறையையே கல்லறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் இந்த ஊருக்கு வருவதற்குள் அவர்கள் குளிர்பெட்டி வைத்த வேனுக்கு மாறிவிட்டார்கள், அதனால் நான் இதைப் பார்த்ததில்லை. கூடியிருந்த கூட்டம் பயம் தெளிந்ததும் வண்டியைச் சுற்றிவந்து தொட்டுப் பார்க்க ஆரம்பித்தது. "எங்கப்பா இதுலதான் போனாரு." "எங்க பெரியம்மாவும்." "எங்க மாமாவ ஏத்தறப்போ பெட்டி கொஞ்சம் மாட்டிக்கிச்சே, ஞாபகம் இருக்கா?" சொந்தக்காரரைப் பார்த்ததுபோல எல்லோரும் குசலம் விசாரித்தார்கள். நான் ஒருவன்தான் அதைக் கல்யாண வண்டி என்று நினைத்தவன்.

மனைவி கீழே இறங்கி வரவில்லை. பால்கனியிலிருந்து வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியை உதறாமலேயே கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தேன். "பாரு, எது எப்படியோ, இன்ஜின் பிரமாதமா இருக்கு. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் நந்தி ஹில்ஸ் வரைக்கும்..."

"அந்த வண்டியில நான் ஒரு தடவதான் ஏறுவேன்," என்றாள். "அப்போ நீங்க கூப்பிட வேணாம். நாலு பேர் தூக்கி வெப்பாங்க."

சொல்லிவிட்டு எனக்கு ரசம் ஊற்றினாள்.

நான் பிடிவாதக்காரன். அவளை அந்தப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். வெல்வெட் திரைகளைக் கழற்றி, பூப்போட்ட மஞ்சள் திரை மாட்டினேன். இப்போது வண்டி நோய்வாய்ப்பட்டவரைக் கொண்டுபோவதுபோல் இருந்தது. அதையும் கழற்றினேன். விளக்கை அணைக்க சுவிட்ச் வைக்கச் சொன்னால், எலக்ட்ரீஷியன் டாஷ்போர்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இத தொட்டா எல்லாத்தயும் தொடணும் சார், இப்படியே இருக்கட்டும்" என்று கும்பிடு போட்டுவிட்டார். போதகரை அழைத்து வந்து வண்டிக்கு ஜெபம் செய்யச் சொன்னேன். பாவம், அந்த மாதிரி வண்டியின் பின்கதவருகே நின்றால் அவர் வாய்க்குப் பழக்கம் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு அடக்க ஆராதனையைத் தொடங்கிவிட்டார். பாதி வாக்கியத்தில் நினைவு வந்து, அப்படியே வளைத்து, "இந்த வாகனம் நெடுங்காலம் வாழட்டும்" என்று முடித்தார்.

மழை நாளில் பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்த சபையார்களை ஏற்றிக்கொள்ளலாம் என்று நிறுத்தினால், அவர்கள் குடையை இன்னும் இறக்கி முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒருவர், "இல்ல பிரதர், இப்போதான் பீபி மாத்திர போட்டேன், நல்லாத்தான் இருக்கேன்" என்று உறுதி கூறினார். எதிர் வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள் தாமாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஏறி, உருளைகள் மேல் நீட்டிப் படுத்தார். ஆறடிக்கு மேல் உயரம் அவர். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் புது வேன்ல எனக்குக் கால் இடிக்கும்னு ஒரு கவல இருந்துச்சு பிரதர். இதுல நல்லா நீளமா இருக்கு. இத வித்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு நாள் கோபத்தில் தனியாகவே கிளம்பினேன். ஹொஸ்கோட்டே பக்கம் ஏரிக்கரையில் நிறுத்தி, பின்கதவைத் தூக்கி, மடக்கு நாற்காலியைப் போட்டு, பிளாஸ்க்கைத் திறந்தேன். கப் இரண்டு கொண்டுவந்திருந்தேன், பழக்கதோஷம். காற்று நன்றாக இருந்தது. கொக்குகள் இருந்தன. நான் நினைத்தது எல்லாம் இருந்தது, அவள் மட்டும் இல்லை. காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அவளுக்காக வாங்கிய வண்டியில் அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்து என்ன ஊர் சுற்றல் வேண்டிக்கிடக்கிறது என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. திரும்பி வரும் வழியிலேயே விற்றுவிடுவது என்று தீர்மானித்தேன்.

இணையத்தில் படம் போட்டதும் ஆள் வந்தான். இந்திரா நகரில் காபி ஷாப் வைத்திருக்கிற இளைஞன், தலைமுடியைக் கொண்டை போட்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் துள்ளினான். "செம்ம பீஸ் அங்கிள்! இத அப்டியே ரெண்டா கட் பண்ணி, பின்பக்கத்த மட்டும் கடைக்குள்ள கவுன்ட்டரா போட்டுடுவேன். ரோலர்ல வெச்சு தள்ளினா கேக்கு பிளேட் நேரா கஸ்டமர்கிட்ட போயிடும்."

உருளைகளை அவனும் என்னைப் போலவே புரிந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். "முன்பக்கம்?" என்று கேட்டேன்.

"அது வேஸ்ட் அங்கிள். இன்ஜினு, அந்த ரெண்டு சீட்டு எல்லாம் காயிலாங்கடைக்குத் தூக்கிப் போட்டுடலாம்."

மனைவி அவனுக்குக் காபி கொண்டுவந்தவள், படியிலேயே நின்றாள்.

"எந்த சீட்டு?" என்றாள்.

"முன் சீட்டு ஆன்ட்டி. நமக்குத் தேவப்படாது."

அவள் காபியை அவன் கையில் கொடுத்தாள். "குடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி. வண்டி குடுக்கறதில்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "சாவி எடுங்க" என்றாள்.

அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையோடு வந்து, முன்கதவைத் தானே திறந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கதவை அழுத்தி மூடி, யாராவது இறக்கிவிட வந்தாலும் இறங்கமாட்டேன் என்பதுபோல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிளாஸ்க் எடுக்கலாமா, நாற்காலி எடுக்கலாமா என்று கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"எங்க போலாம், நந்தி ஹில்ஸா?"

"ஓசூர் ரோடு."

"ஓசூர் ரோட்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு? வெறும் டிராஃபிக்கு."

"கல்லறை இருக்கில்ல. அங்க போங்க."

விளக்குகள் எரிய, இரண்டாம் கியரில் ஊர்ந்தோம். ஊதா திரை இல்லாததால் இந்தத் தடவை எவனும் வழிவிடவில்லை. சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போனார்கள். ட்ரினிட்டி சர்க்கிள் பக்கம் சிக்னல் விழுந்து, நகர வழியில்லாமல் நின்றோம். நான் வழக்கம்போலத் திட்ட ஆரம்பித்தேன். அவள் ஜன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த எடந்தாங்க," என்றாள்.

"எந்த எடம்?"

"அப்பாவ இந்த வண்டியிலதான் எடுத்துட்டுப் போனாங்க. பால்கனிலேருந்து பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு." அவள் குரல் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற அதே குரலாகத்தான் இருந்தது. "முன்னாடி ஒரு சீட்டுதான். அப்பா கூட நான் போறேன்னு கேட்டேன். இதோ, இப்படித்தான் கைப்பிடிய புடிச்சிட்டு நின்னேன். சித்தப்பா என் கைய எடுத்துவிட்டுட்டு அவர் ஏறிட்டாரு. பொம்பளப் புள்ள, பின்னாடி ஆட்டோல வான்னாரு. சரின்னு ஆட்டோல வந்தேன். இந்த வண்டிக்கு எல்லாரும் வழிவிட்டாங்க. போலீஸ்காரரு கைய காட்டி அனுப்பிச்சாரு. பின்னாடி வர ஆட்டோவுக்கு யாருங்க வழிவிடுவா? இங்க மாட்டிக்கிட்டோம். முன்னால இந்த வண்டி போறது தெரியுது, திரையெல்லாம் தெரியுது, அப்புறம் தெரியல. நான் போய்ச் சேர்றப்போ மண்ணு போட்டு மூடியாச்சு. எல்லாரும் குழாயில கை கழுவிட்டிருந்தாங்க. ஒரு புடி மண்ணு கூட நான் போடல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் ஒரே வீட்டில், அதுவும் அவர் கட்டிய வீட்டில், அவளோடு இருந்திருக்கிறேன். இதை அவள் சொன்னதில்லை. அடிபட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற நான், அவள் சும்மா அபசகுனம் பார்க்கிறாள் என்று நினைத்து, திரையை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் கைமேல் கையை வைத்தேன். பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன.

"பச்ச விழுந்தாச்சு," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "போங்க, அழுதுட்டே ஓட்டாதீங்க. இடிச்சிட்டா உங்களுக்கு யாரு எஸ்டிமேட் போடறது?"

கல்லறை வாசலுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஒரு பக்கக் கதவு மட்டும் திறந்திருந்தது. காவலாளி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார், என் வயதுக்கு மேலேயே இருக்கும். விளக்குகளைக் கண்டு விழித்தவர், வண்டியை உற்றுப் பார்த்தார். சட்டென்று எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவிட்டார். நேராகப் பின்பக்கம் போய்க் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். அந்தப் பக்கம் போய் அங்கிருந்தும் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"சார், பாடி எங்க சார்?"

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"குழி வெட்டணும்னு யாரும் சொல்லலியே. ஸ்வல்ப முன்னாடி சொல்ல வேணாமா?" அவர் சாலையை எட்டிப் பார்த்தார். "பின்னாடி ஆளுங்க வர்றாங்களா?"

என் மனைவி என் பக்கமாகக் குனிந்து அவரைப் பார்த்தாள்.

"வேற யாரும் வரலண்ணா. இந்த வண்டி பின்னாடி அன்னிக்கு வரவேண்டியவ நான்தான். லேட்டாயிடுச்சு."

அவருக்கு எதுவும் புரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் நிதானமாகத் தலையாட்டினார்.

"பரவால்லம்மா. இங்க யாருக்கும் அவசரம் இல்ல. உள்ள போங்க."

அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. இறங்கி நடக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், அப்பா இருக்கிற இடம்வரை வண்டியிலேயே வருகிறேன் என்றாள். நான் முதல் கியரைப் போட்டேன்.